யாரும் ஓடாத வீடு

மார்ச் 9, திங்கள்

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறது. வந்த நாளிலிருந்து கவனிக்கிறேன். கண் பார்ப்பதுதான் எனக்கு வேலை. படித்ததும் அதுதான், கண்ணாடிக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து தினமும் யார் யாருடைய இமையையோ தூக்கிப் பார்ப்பதும் அதுதான். ஆனாலும் இப்படி ஒரு தூக்கத்தைப் பார்த்ததில்லை. சோபா முழுவதையும் பிடித்துக்கொண்டு, நான்கு கால்களும் நான்கு பக்கம், வாய் லேசாகப் பிளந்து, கண் மட்டும் பாதி திறந்து. முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். அசைவே இல்லை. செத்துகித்துப் போச்சா? விலாவில் கை வைத்தேன். மூச்சு வந்தது. உடனே தொட்டிலுக்குப் போய்ப் பாப்பாவின் மூக்கருகே விரலை வைத்தேன். அங்கும் வந்தது.

"டியூட்டி நர்ஸ் மாதிரி சுத்தாத. வந்து படு," என்றார் இவர்.

நாத்தனாருக்கு வேறு ஊரில் வேலை. போகும்போது இதை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். "கொஞ்ச நாள்தான் அண்ணி. அங்க வீடு கெடச்சதும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்." பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட். முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பதற்கென்றே காலங்காலமாக வளர்த்த வேட்டை நாய். எங்கள் பாப்பா இப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்ததும் எழுந்து போய் மறுபடி ஒருமுறை தொட்டிலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 12

அதற்குப் படிக்கட்டு என்றால் என்னவென்று தெரியாது. பந்தயக் கொட்டிலிலேயே வளர்ந்ததாம். படி, கண்ணாடிக் கதவு, மிக்ஸி சத்தம் எதுவுமே தெரியாது. முதல் படியில் முன்காலை வைத்துவிட்டு, மலையைப் பார்க்கிறாற்போல மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறது. இவர்தான் இரண்டு மாடியும் தூக்கிக்கொண்டு வருகிறார். லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல உள்ள லிஃப்ட்டெல்லாம் நான் ஓட விடறேன். என் வீட்டுக்கு நானே லிஃப்ட்டு!" நாய் அவர் கைகளில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சுற்றும்முற்றும் மேற்பார்வை பார்த்தபடி வருகிறது. அப்போது வைத்த பெயர்தான் துரை. தரையில் உட்காராது. மெத்தை வேண்டும், இல்லையென்றால் நின்றுகொண்டே இருக்கும்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா வாசலில் மறித்தார். "விலா எலும்பெல்லாம் வெளிய தெரியுதே, சாப்பாடு போடறீங்களா இல்லியா?" இந்த இனமே அப்படித்தான் என்று விளக்கினேன். நம்பவில்லை. என்னையும் ஏற இறங்கப் பார்த்தார்.

மார்ச் 22, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

இவர் பாப்பாவுக்குப் பொம்மை வாங்கி வந்தார். சாவி கொடுத்தால் ஓடும் முயல். கடையில் வேறு பொம்மையே இல்லையா? பந்தயத்தில் இவற்றின் முன்னால் ஓடவிடுவதே ஒரு பொம்மை முயல்தானாம். அது இவருக்குத் தெரியும்! தெரிந்தும் தோன்றவில்லை!

சாவி கொடுத்து விட்டார். முயல் கரகரவென்று ஓடிப் பாப்பாவின் காலடிக்குப் போனது. துரை சோபாவில் இருந்தது. பிறகு சோபாவில் இல்லை. நடுவில் எதையும் நான் பார்க்கவில்லை. குரைக்கவில்லை, உறுமவில்லை, ஒரு சத்தம் கிடையாது. பாப்பாவின் காலுக்கு அருகிலிருந்து முயலைக் கவ்வி, இப்படியும் அப்படியும் ஒரு உதறு. பல்சக்கரம் ஒன்று தெறித்து ஜன்னலில் பட்டது.

பாப்பா கைகொட்டிச் சிரித்தாள்.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஏன் குளியலறை? தெரியவில்லை. "தொறம்மா, அவன் படுத்துட்டான்," என்று வெளியே இவர் குரல். வந்து பார்த்தால், உடைந்த முயலைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூக்கம். கண்ணைத் திறந்துகொண்டு.

மார்ச் 23

மிருக வைத்தியர் இளவயசு. பொறுமையாகத்தான் பேசினார். "குழந்தைங்களோட நல்லா பழகற ஜாதிதாங்க. பயப்படாதீங்க. ரெண்டையும் தனியா மட்டும் விட்டுடாதீங்க. ஓடறதப் பாத்துத் தொரத்த ஆரம்பிச்சதுன்னா, அந்த நேரத்துல அதுக்குக் காது கேக்காது. நீங்க என்ன கத்தினாலும் திரும்பாது."

அவர் சொன்னதில் முதல் பாதி இவர் காதில் விழுந்தது, இரண்டாம் பாதி என் காதில்.

நாத்தனாரைத் தொலைபேசியில் பிடித்தேன். சிரிக்கிறாள்! "அய்யோ அண்ணி, அது சரியான சோம்பேறி. நாப்பது செகண்ட் ஓடும், மீதி நாள் பூரா தூங்கும்."

"அந்த நாப்பது செகண்ட்டுதான்டி எனக்குப் பயம்," என்றேன்.

மார்ச் 24

இந்த வீட்டில் இனி யாரும் ஓடக் கூடாது. அழைப்பு மணி அடித்தாலும் சரி, பால் பொங்கினாலும் சரி, நடந்துதான் போக வேண்டும்.

மார்ச் 31

பால் பொங்கியது. நடந்து போனேன். அடுப்பு முழுக்கப் பால். இவர் திருடன் போல அடிமேல் அடி வைத்துப் பின்னால் வந்து, "ரொம்ப நேரமா பொங்குதா?" என்றார். கரண்டியை எறியலாம் போல வந்தது. எறிந்தால் துரை துரத்துமே.

ஏப்ரல் 5, ஞாயிறு

பயிற்சி தொடங்கிவிட்டேன். நாய் பழக்குவது பற்றி வாசித்ததை எல்லாம் சேர்த்து எளிமையாக ஒன்று: ஒரே சொல், ஒரே சைகை, தினமும் ஒரே மாதிரி. உள்ளங்கையை முன்னால் நீட்டி, குரலை ஏற்றாமல், "நில்லு." நின்றால் ஒரு பிஸ்கட். துரை எப்போதாவது ஓடினால்கூட இந்தச் சொல் அதன் எலும்புக்குள் போயிருக்க வேண்டும். காது கேட்காது என்கிறார்களே, காதைத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும்.

துரை என் உள்ளங்கையைப் பார்த்தது. பிறகு, ஏதோ தெரியாத்தனமாகப் பேசிவிட்ட விருந்தாளியை மன்னிப்பது போல, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டது.

ஏப்ரல் 11

பாப்பா பிடி இல்லாமல் நடந்துவிட்டாள்! மேஜையிலிருந்து நாற்காலி வரை, அங்கிருந்து என்னிடம். கடைசியில் கொஞ்சம் வேகம் எடுத்தாள். என்னையறியாமல் கை நீண்டுவிட்டது. "நில்லு." நின்றாள். ஆடி ஆடி, விழாமல். தங்கம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பால்கனியில் பயிற்சி. நில்லு. நில்லு. நில்லு. துரை கொட்டாவி விட்டது. பிஸ்கட்டை மட்டும் மேஜையிலிருந்து தானே எடுத்துக்கொண்டது. கழுத்து எட்டாத உயரம் என்று இந்த வீட்டில் ஒன்றும் இல்லை. பாப்பாதான் சமத்து. நான் கையை நீட்டும்போதெல்லாம் அப்படியே நின்று என்னையே பார்க்கிறாள். அவளுக்கும் ஒரு பிஸ்கட்.

மே 2

பாப்பாவைக் கடைக்குக் கூட்டிப்போனேன். பகலில் அவளை விடும் குழந்தைகள் காப்பகத்துக்கு அன்று விடுமுறை. வாடிக்கையாளர் ஒருவரின் பையன் கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே தலைதெறிக்க ஓடி, நிலைக்கண்ணாடியில் மோதி, ஒரே களேபரம். பாப்பா என் நாற்காலியின் பக்கத்தில் நின்றாள். நிற்க வைத்த இடத்தில் நின்றாள். "என்ன பொறுமை! எப்படிங்க வளக்கறீங்க?" என்று அந்தத் தாய் கேட்டாள்.

பெருமையாக இருந்தது. மறைப்பானேன்.

மே 13, புதன்

ஒரு விஷயம். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து துரை வந்து என் தொடைமேல் சாய்ந்தது. உரசுவது இல்லை, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுச் சாய்வது. நான் நகர்ந்தால் விழுந்துவிடும் என்கிற மாதிரி. தோல் எவ்வளவு மெல்லிசு. உள்ளே இதயம் அடிப்பது என் தொடையில் கேட்டது. இவர் சொல்லியிருக்கிறார், பிடித்தவர்கள்மேல்தான் சாயுமாம். நான் அதற்கு இதுவரை என்ன செய்தேன்? நில்லு என்றதைத் தவிர?

குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

மே 24, ஞாயிறு

உறுமிவிட்டது. பாப்பாவைப் பார்த்து.

தூங்கிக்கொண்டிருந்ததை அவள் காதைப் பிடித்து இழுத்தாள். கண் திறந்திருந்ததே! விழித்திருக்கிறது என்று நான் நினைத்தேன். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், தூங்கும்போதும் திறந்திருக்கும் என்று எனக்கே தெரியும். இருந்தும் ஏமாந்தேன். திடுக்கிட்டு ஒரு உறுமல், அவ்வளவுதான். உடனே எழுந்து போய் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. பல் படவில்லை. பாப்பா அழக்கூட இல்லை.

ஆனால் பட்டிருந்தா? நான் என்ன பண்ணியிருப்பேன்? யார்கிட்டப் போய் என்ன சொல்லுவேன்? இன்னும் கொஞ்ச நாள்ல இவ ஓட ஆரம்பிப்பா. எல்லாக் குழந்தையும் ஓடும். ஒருநாள் பந்து உருளும், அது பின்னாடி இவ, இவ பின்னாடி அது. எனக்கு வேணாம். எனக்கு இந்த நாய் வேணாம்.

மே 29

சண்டை. மெல்லிய குரலில்தான். ஓடாத வீட்டில் கத்துவதும் குறைந்துவிட்டது.

"அவன் என்ன தப்பு பண்ணான்?"

"பண்ற வரைக்கும் காத்திருக்கணுமா?"

"நீ நாயைப் பாத்துப் பயப்படறியா, எல்லாத்தையும் பாத்துப் பயப்படறியா? பாப்பா பொறந்ததுலேர்ந்து நீ ஒரு எடத்துல உக்காந்து நான் பாக்கல."

அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

கடைசியில் அவரே இறங்கி வந்தார். அவருடன் வேலை பார்ப்பவருக்கு ஊருக்கு வெளியே வேலி போட்ட நிலம் இருக்கிறதாம். நாய் வளர்த்துப் பழகியவர். அடுத்த ஞாயிறு விட்டு, அதற்கடுத்த ஞாயிறு வேனுடன் வருகிறார். நாத்தனாரிடமும் சொல்லியாயிற்று. அவள் சிரிக்கவில்லை. "சரி அண்ணி," என்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஜூன் 4, வியாழன்

பாப்பாவைக் கூப்பிடப் போனபோது காப்பகத்து ஆயா வாசலுக்கே வந்து, "டிராஃபிக் போலீஸுக்கு வண்டி வந்தாச்சு!" என்று உள்ளே குரல் கொடுத்தார். யார் அது என்றேன்.

"உங்க பொண்ணுதாங்க. பசங்க ஓடினா நடுவுல நின்னு கைய நீட்டிடுவா. நாங்க எல்லாரும் டிராஃபிக்னுதான் கூப்பிடறது. விழுந்து விழுந்து சிரிப்போம்."

நானும் சிரித்தேன். வீடு வந்து இவரிடம் சொல்லும்போதும் சிரித்தேன். துணி மடிக்கும்போது கை நின்றுவிட்டது.

ஜூன் 5, வெள்ளி

கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு முன்கூட்டியே போனேன். உள்ளே போகவில்லை. பக்கத்துச் சந்திலிருந்து கம்பிக்கதவு வழியாகப் பார்த்தால் காப்பகத்தின் முற்றம் தெரியும்.

விளையாட்டு நேரம். பிள்ளைகள் எல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடினார்கள். காரணம் கிடையாது, சும்மா. பாப்பாவின் வயதில் இருக்கிற பொடியன்கூட, குடம் உருளுகிற மாதிரி ஒரு ஓட்டம். பாப்பா நடுவில் நடந்து வந்துகொண்டிருந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் நின்றாள். உள்ளங்கையை முன்னால் நீட்டினாள். குரலை ஏற்றாமல், என் குரலில், "நில்லு."

யாரும் நிற்கவில்லை. ஒருவன் இடித்துவிட்டுப் போனான். உட்கார்ந்துவிட்டாள். எழுந்து, துணியைத் தட்டிக்கொள்ளாமல், திரும்பவும் கையை நீட்டி நின்றாள். ஆயாக்கள் சிரித்தார்கள். அது விளையாட்டு இல்லை. நான் கண் பார்க்கிறவள். பயந்த கண்ணுக்கும் விளையாடுகிற கண்ணுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்.

மரம் மாதிரி நிக்கறா. என் பொண்ணு. சுத்தி அத்தனை பேரும் ஓடறாங்க, இவ மட்டும் —

நாய்க்குச் சொன்னதெல்லாம் நாய்க்கு ஏறவே இல்லை. சொல்லும் சைகையும் தினமும் ஒரே மாதிரி. பிஸ்கட்கூடக் கொடுத்தேன். எலும்புக்குள் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறேனே, பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன், என் கையெழுத்துதான்.

ஜூன் 6

இவரிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "சின்னக் கொழந்தைதானே, மாறிடுவா. நாளைக்கு நாய் போயிடுது. அப்புறம் சரியாயிடும்," என்றார்.

காப்பகத்தில் நாய் இல்லையே.

அதுதான் தூங்கவிடாமல் குடைகிறது. துரை இல்லாத இடத்திலும் அவள் நிற்கிறாள். துரையை அனுப்பிவிட்டால் நான் கையை நீட்டாமல் இருப்பேனா? தெருவில் சைக்கிள் வரும். வேறு யாராவது நாய் வளர்ப்பார்கள். எனக்குக் காரணமா கிடைக்காது?

ஜூன் 7, ஞாயிறு

வேன் வந்தது. நிலத்துக்காரர் நல்ல மனிதர். துரையின் முதுகைத் தடவிக்கொண்டே, "இவன் படுக்க ஒரு பழைய கட்டில் போட்டிருக்கேன்," என்றார். இவர் கழுத்துப் பட்டையை மாட்டினார். துரை எங்கே போகிறோம் என்று கேட்கிறாற்போல ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, வந்து என்மேல் சாய்ந்துகொண்டது.

"கொஞ்சம் பொறுங்க," என்றேன். "அடுத்த வாரம் பாக்கலாம்."

"என்னம்மா, இப்பதான் வேணாம்னீங்களாம்?"

"ஆமாங்க. ஆனா எனக்கு இவன்கிட்ட ஒரு வேலை இருக்கு."

இவர் என்னைப் பார்த்த பார்வை! லிஃப்ட் தானாகவே மேலே ஏறியதைப் பார்த்தது போல.

ஜூன் 14, ஞாயிறு

இவர் லிஃப்ட் பராமரிக்கிற ஒரு கட்டடத்துக்குப் பின்னால் பழைய டென்னிஸ் மைதானம் இருக்கிறது. வலை கிடையாது, கோடுகள் அழிந்துவிட்டன. சுற்றி ஆள் உயரத்துக்குமேல் கம்பிவேலி. காவலாளியிடம் கேட்டுத் திறந்துவிட்டார். பாப்பாவை இவர் இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்பது என்று ஏற்பாடு. துரைக்கு வாய்க்கூடு போட்டேன். பந்தயக் காலத்தில் போட்ட கம்பிக்கூடு, நாத்தனார் விட்டுப்போன பையில் கிடந்தது. தைரியம் வந்துவிட்டது என்று எழுத மாட்டேன். வாய்க்கூட்டின் வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

பட்டையை அவிழ்த்தேன். துரை நின்றது. காற்றை ஒரு முறை முகர்ந்தது. கிளம்பியது.

இத்தனை மாதம் என் சோபாவில் கிடந்தது அதுதானா? முதுகு வளைந்து, பின்கால்கள் முன்கால்களைத் தாண்டி விழுந்து, மறுபடி நீண்டு, சில இடங்களில் நான்கு கால்களும் தரையில் இல்லை. மைதானத்தை இரண்டு சுற்று. மூச்சைத் தவிர சத்தமில்லை. அவிழ்த்த பட்டையைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றேன். பயத்திலா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அது நின்று திரும்பியபோது என் முறை வந்தது. இதற்காகத்தான் வந்தேன். செருப்பைக் கழற்றினேன். கடைசியாக நான் எப்போது ஓடினேன்? பாப்பா வயிற்றில் இருக்கும்போது ஓடவில்லை. அதற்கு முன்? பஸ்ஸுக்கு ஓடியிருப்பேன்.

ஓடினேன். அசிங்கமாகத்தான் ஓடியிருப்பேன்; கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பின்னால் தரை அதிர்ந்தது. வருகிறது. வருகிறது என்று முதுகுத் தோல் முழுவதும் சொன்னது. குளியலறை இல்லை, தாழ்ப்பாள் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பாப்பா கையை நீட்டினாள். உள்ளங்கை விரிந்து, முகம் வெளுத்து.

"அம்மா, நில்லு!"

நான் நிற்கவில்லை.

அவள் சொல்லி நான் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை. துரை என் இடுப்பை ஒட்டிக் கடந்து போனது. காற்றுதான் பட்டது. முன்னால் போய், அரைவட்டம் அடித்து, திரும்பிப் பார்த்தது: இவ்வளவுதானா உன் வேகம்? மறுபடி வந்து என்னைச் சுற்றியது. நானும் அதைச் சுற்றினேன். மூச்சு வாங்கி நான் குனிந்து நின்றபோது, அதன் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. குளிரா என்று பயந்தேன். "சந்தோஷம் வந்தா அப்படித்தான் அடிச்சுக்கும். தங்கச்சி சொல்லியிருக்கா," என்று வேலிக்கு வெளியிலிருந்து இவர் கத்தினார். நன்றாக, உரக்க.

பாப்பாவின் கை இன்னும் நீண்டிருந்தது. ஆனால் மெதுவாக அந்தக் கையைப் புரட்டி, உள்ளங்கையைத் தானே பார்த்தாள்.

ஜூன் 15

இரண்டு தொடையும் கல். படி ஏற முடியவில்லை. கீழே முதல் படியில் நானும் துரையும் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜூன் 21, ஞாயிறு

மீண்டும் மைதானம். பாப்பா ஓடவில்லை. நடந்தாள். ஓடச் சொல்லி நாங்கள் கேட்கவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. நான் ஓடினேன்.

ஜூன் 26

நான் மறந்துபோய்க் கையை நீட்டிவிட்டேன், சமையலறை வாசலில். அவள் நின்றுவிட்டாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன். அவளும் தலையைச் சொறிந்தாள். இவர் சிரித்ததில் காபி மூக்கில் ஏறிவிட்டது.

எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் சிரிப்பு வந்தது.

ஜூலை 5, ஞாயிறு

நாத்தனார் கூப்பிட்டாள். வீடு கிடைத்துவிட்டதாம், கீழ்த்தளம், முற்றம்கூட இருக்கிறதாம். "நீங்க யாருக்கும் குடுக்க வேணாம் அண்ணி. நானே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

"இப்பதான் படி ஏறக் கத்துக்கறான். பாதி மாடி தானா வர்றான். நடுவுல வந்து கெடுக்காத," என்றேன்.

"அண்ணி, அழறீங்களா?"

"வெங்காயம்," என்றேன். கையில் வெங்காயம் இல்லை.

ஜூலை 16, வியாழன்

காப்பகத்து வாசலில் ஆயா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பின்னால் பாப்பா. முட்டியில் சிராய்ப்பு, மேலே மஞ்சள் மருந்து.

"கோச்சுக்காதீங்கம்மா. நான் பக்கத்துலதான் நின்னேன். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள விழுந்துட்டா."

"எப்படி விழுந்தா?"

"பசங்களோட ஓடி —"

"என்ன பண்ணி?"

"ஓடிதாம்மா. நான் வேணாம் வேணாம்னு சொன்னேன், காதுலயே வாங்கல."

"எங்கேர்ந்து எது வரைக்கும்?"

ஆயா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வழக்குப் போடப் போகிறேன் என்று நினைத்திருப்பார். முற்றத்தில் அந்தச் சுவரைக் காட்டினார். பிறகு இந்தச் சுவரைக் காட்டினார். தூரத்தை நான் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா நேரே சோபாவுக்குப் போய், துரையின் முகத்துக்கு எதிரே முட்டியைத் தூக்கிக் காட்டினாள். அவன் கண் திறந்திருந்தது. தூங்குகிறானா, பார்க்கிறானா? பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். மூக்கை நீட்டி மருந்தை முகர்ந்தான். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

இப்போது மருந்து போட்ட இடம் காய்ந்துவிட்டது. நாளைக்கு ஒரு டப்பா பிளாஸ்திரி வாங்க வேண்டும். பெரிய டப்பாவாக.